அழற்சி: ஒரு சொல் விளக்கம்

‘இன்ஃபிளமேஷன்’ என்ற சொல்லைப் பலரும் ‘வீக்கம்’ என்று தமிழாக்கி விடுகிறார்கள். வீக்கம் அதன் அறிகுறிகளில் ஒன்றுதான். சரியான தமிழ்ச்சொல் அழற்சி.

லத்தீனில் ‘ஃபிளம்மா’ என்றால் தீப்பிழம்பு. ‘இன்ஃபிளம்மாரே’ என்றால் தீ மூட்டுதல். தமிழில் அழல் என்றாலும் தீதான். மதுரை எரிந்ததைச் சொல்லும் சிலப்பதிகாரப் பகுதிக்கு ‘அழற்படு காதை’ என்று பெயர். வேரும் பொருளும் இப்படி ஒத்துப்போகும் கலைச்சொற்கள் அதிகமில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் எழுதிவைத்தார்: சிவத்தல், வீங்குதல், சூடு, வலி. ‘ஐட்டிஸ்’ என்று முடியும் நோய்ப்பெயர்களும் இதில் சேர்ந்தவையே. ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டழற்சி, ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. சிலர் ஒவ்வாமையையும் அழற்சி என்று எழுதுகிறார்கள். ஒவ்வாமையால் அழற்சி வரலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

காலில் முள் குத்துகிறது என்று வையுங்கள். அந்த இடத்து நுண்ணிய இரத்தக்குழாய்கள் விரிகின்றன. அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் வழியே நீர் கசிகிறது, அதனால் வீக்கம். அப்புறம் வெள்ளையணுக்கள் வெளியே வந்து கிருமிகளைத் தாக்குகின்றன. சில நாளில் எல்லாம் அடங்கிவிடும். இது உடலின் காவல் வேலை. அடங்க வேண்டியது அடங்காமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிப்பதுதான் நாள்பட்ட அழற்சி. ‘கிரானிக்’ என்ற சொல்லுக்குக் கடுமையானது என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘குரோனோஸ்’ அதன் மூலம், ஆகவே ‘நாள்பட்ட’ என்பதே பொருத்தம். இந்த வகையில் செல்சஸ் சொன்ன நான்கில் ஒன்றுகூட வெளியே தெரியாமல் போகலாம், இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் சற்றே கூடியிருப்பது மட்டும் தடயமாக இருக்கும்.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’. கிருமியைக் கொல்ல வெள்ளையணுக்கள் சூப்பர்ஆக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்குகின்றன. அவற்றை அடக்கும் நொதிகளும் உடலிலேயே உண்டு. உற்பத்தி இந்த அடக்கும் திறனை மிஞ்சும்போது சொந்தச் செல்லின் கொழுப்பும் புரதமும் டி.என்.ஏ.வும் சேதப்படுகின்றன. சேதமான செல் மீண்டும் வெள்ளையணுக்களை அழைக்கிறது. இப்படி ஒன்று மற்றதை வளர்த்துக்கொண்டே போகும். தமனிச் சுவரில் இதைத் தெளிவாகக் காணலாம். அங்கே படிந்த எல்.டி.எல். என்ற ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, வெள்ளையணுக்களில் ஒரு வகையான விழுங்கணுக்கள் அதை விழுங்கி நுரைபோல உப்புகின்றன, அவை குவிந்து கொழுப்புப் படிவு ஆகிறது. மாரடைப்பின் தொடக்கம் பெரும்பாலும் இதுதான். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்த கானகினுமாப் என்ற மருந்து மாரடைப்பு போன்ற நிகழ்வுகளைக் குறைத்தது. ஆனால் உயிர்போக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடின.

ஜெர்மன் அறிவியலர் ஹெல்முட் சீஸ் 1985-இல் ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லுக்குத் திட்டமான வரையறை தந்தார். தமிழில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அழுத்தம் என்றதும் இரத்த அழுத்தமோ மன அழுத்தமோதான் நினைவுக்கு வருகிறது. இயற்பியல் பாடநூலில் ஸ்ட்ரெஸுக்கு உள்ள ‘தகைவு’ இங்கே ஒட்டாது. ‘ஆக்சிஜனேற்ற நெருக்கடி’ என்றால் சமநிலை குலைந்த நிலை புரியும்.

இதை எதிர்க்கும் பொருள்களுக்கு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் என்று பெயர். எதிர்ப்பி என்றாலே நல்லது என்று மாத்திரை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் என்ற எதிர்ப்பியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 1994-இல் வெளியான முடிவின்படி, நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, சுமார் 18 விழுக்காடு கூடியது.