லைசென்ஸ் கோப்பில் யார் பெயர்?

ஆய்வு மாணவி ஒருவர் மடிக்கணினியை என் மேசைமேல் வைத்தார். அவருடைய ஆய்வகத்தின் மென்பொருளை ஒரு நிறுவனம் பயன்படுத்தக் கேட்டிருந்தது. "மேடம், நாங்க ஏற்கெனவே ஓப்பன் சோர்ஸாத்தானே விட்டிருக்கோம். அப்புறம் எதுக்கு அந்தக் கம்பெனிக்காரங்க யுனிவர்சிட்டி கையெழுத்து கேக்கறாங்க?" நியாயமான கேள்விதான். ஓப்பன் சோர்ஸ், அதாவது திறமூலம் என்றால் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதி கொடுத்திருப்பது. பல்கலைக்கழக ஆய்வகங்களில் உருவாகும் மென்பொருளுக்கு உரிமக் காகிதங்கள் பார்ப்பது பல ஆண்டுகளாக என் பிழைப்பு. இதே கேள்வியோடு வருகிறவர்கள்தான் அதிகம்.

லைசென்ஸ் கோப்பைத் திறக்கச் சொன்னேன். எம்ஐடி உரிமம் என்ற திறமூல உரிமம், வாசகமெல்லாம் சரி. ஆனால் பதிப்புரிமையாளர் பெயர் வர வேண்டிய வரியில், கோண அடைப்புக்குறிக்குள் 'ஆண்டு', 'பெயர்' என்று மாதிரிப் படிவத்தில் இருந்த சொற்கள் அப்படியே கிடந்தன. ஐந்து வருடமாக யாரும் நிரப்பவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே அனுமதி கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தது யார் என்று மட்டும் எழுதவில்லை.

எம்ஐடியா, ஜிபிஎல்லா, அப்பாச்சியா, எந்தத் திறமூல உரிமம் என்று மணிக்கணக்கில் வாதாடும் ஆய்வகங்களைப் பார்த்திருக்கிறேன். எந்த உரிமமானாலும் அதைக் கொடுக்கப் பதிப்புரிமை கையில் இருக்க வேண்டும் என்பதில் யாரும் ஐந்து நிமிடம்கூடச் செலவிடுவதில்லை. அந்த நிறுவனத்தின் வக்கீல் கேட்டது அதைத்தான்.

யார் எப்போது நிரலில் எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் பெயர்களை எண்ணினோம். பதினொன்று. பேராசிரியர், ஆய்வு மாணவர்கள் மூவர், திட்ட நிதியில் சம்பளம் வாங்கிய உதவியாளர் ஒருவர், படித்து முடித்துப் போய்விட்ட முதுகலை மாணவர்கள் மூவர், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து கோடையில் வந்த பயிற்சி மாணவர், கூட்டாளி நிறுவனத்தின் ஊழியர் ஒருவர். பதினொன்றாவது 'ரூட்', சர்வரின் நிர்வாகக் கணக்கு. ஆய்வக சர்வரில் உட்கார்ந்து யாரோ நேராகக் கமிட் செய்திருக்கிறார்கள், அதாவது மாற்றத்தைப் பதிந்திருக்கிறார்கள்.

ஒவ்வொருவர் கதையும் வேறு. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதும் நிரல் பெரும்பாலான நாடுகளில் முதலாளிக்குப் போகிறது. ஐரோப்பாவில் 1991இல் வந்து 2009இல் புதுப்பிக்கப்பட்ட மென்பொருள் நெறிமுறை இதை வெளிப்படையாகவே சொல்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பொருளாதார உரிமைகள் முதலாளிக்கே. பேராசிரியர்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். தாங்கள் எழுதும் கட்டுரையும் புத்தகமும் தங்களுடையது என்று இருக்கும்போது நிரல் மட்டும் எப்படிப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்பார்கள். பல இடங்களில் கட்டுரைகளை ஆசிரியருக்கே விட்டுவிடுவது வழக்கமாகவோ விதியாகவோ இருக்கிறது. அந்தத் தாராளம் நிரலுக்கும் உண்டு என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது.

மாணவர்கள் விஷயம் நேரெதிர். பொதுவாக அவர்கள் ஊழியர்கள் அல்ல. வேறு எதிலும் கையெழுத்திடாவிட்டால் அவர்கள் எழுதியது அவர்களுடையது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதுதான் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டார். முதலில் அவரே எழுதிய உரிமத்தில், காசுக்கு விநியோகிக்கக் கூடாது என்று இருந்தது. 1992இல் அதை ஜிபிஎல்லுக்கு மாற்றினார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நிலைமை வேறு, அவர் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஊழியர். குனு என்ற கட்டற்ற இயங்குதளத்தின் நிரலை எழுதத் தொடங்குமுன் 1984 ஜனவரியில் வேலையையே விட்டார். எம்ஐடி அதில் உரிமை கோரி விநியோகத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் காரணம். கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு ராஜினாமாக் கடிதத்தில் தொடங்கியது என்று நான் பயிற்சி வகுப்புகளில் சொல்வதுண்டு. பேராசிரியர்கள் சிரிப்பார்கள், பதிவாளர்கள் சிரிப்பதில்லை.

மாணவியிடம், "சேரும்போது அறிவுசார் சொத்துரிமைப் படிவம் ஏதாவது கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டேன். "நிறைய போட்டோம் மேடம், எதுன்னு யாருக்குத் தெரியும்!" எல்லோரும் சொல்லும் பதில் இதுதான். தேடியதில் ஆய்வு மாணவர்கள் மூவருக்கும் படிவம் கிடைத்தது. முதுகலை மாணவர்களுக்கு அப்படி ஒரு படிவமே இல்லை.

ஆரம்பத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்துக் கதைகளே இருக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான பிஎஸ்டி என்ற திறமூல உரிமத்தின் பழைய வடிவத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அந்த மென்பொருளின் அம்சங்களைக் குறிப்பிடும் எந்த விளம்பரத்திலும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிக்க வேண்டும். இதைப் பார்த்தவர்கள் உரிமத்தை அப்படியே நகலெடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்த இடத்தில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றில் இப்படி 75 நன்றி வாசகங்களை ஸ்டால்மன் எண்ணியிருக்கிறார். 1999 ஜூலையில் பல்கலைக்கழகம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஆனால் தன் பெயரில் இருந்த நிரலுக்கு மட்டும்தான் அதனால் ரத்து செய்ய முடிந்தது. மற்றவர்கள் தங்கள் பெயரில் போட்டிருந்ததை அந்தந்த ஆள்தான் நீக்க வேண்டும்.

நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கருவிகளைக் கட்ட உதவும் எல்எல்விஎம் இன்னொரு உதாரணம். 2000இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டம், உரிமமும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே. பின்னாளில் பேட்டண்ட் (கண்டுபிடிப்புக்குத் தரும் தனியுரிமை) விஷயத்தில் தெளிவு வேண்டி அப்பாச்சி 2.0க்கு மாற விரும்பினார்கள். பங்களித்தவர்கள் தங்கள் பங்கின் பதிப்புரிமையைத் தாங்களே வைத்திருந்ததால் ஒவ்வொருவரிடமும் அவர்களுடைய நிறுவனங்களிடமும் ஒப்புதல் வாங்க வேண்டி வந்தது. 2019இல் புதிய உரிமம் நடைமுறைக்கு வந்தபோதும் பழைய நிரலுக்கு ஒப்புதல் தேடும் வேலை முடியவில்லை.

பேட்டண்ட் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் 'காப்புரிமை' என்ற சொல்லைச் சிலர் காப்பிரைட்டுக்கும் சிலர் பேட்டண்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். இதனால் ஒரு கூட்டத்தில் அரைமணி நேரம் இரு தரப்பும் வேறுவேறு விஷயம் பேசிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தேன். நான் காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும் பேட்டண்டைப் பேட்டண்ட் என்றுமே எழுதுகிறேன். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஆபத்து உண்டு. அப்பாச்சி 2.0இன் மூன்றாம் பிரிவுப்படி, பங்களிப்பவர் தன் பங்களிப்புக்குத் தேவையான பேட்டண்ட் உரிமத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். ஒரே தொழில்நுட்ப முறைக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரு மாடியில் பேட்டண்ட் விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்க, இன்னொரு மாடியில் ஆய்வகம் அப்பாச்சி உரிமத்தில் நிரலை வெளியிட்ட கதை எனக்குத் தெரியும். இரு மாடிக்கும் நடுவே இருந்தது நான்தான், எனக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது.

உரிமத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்டால் அது திறமூலம் ஆகாது. திறமூல வரையறையின் ஆறாம் விதி, எந்தத் துறைக்கும் பயன்பாட்டை மறுக்கக் கூடாது என்கிறது. வணிகத்துக்குத் தனி விலை வைப்பதில் தவறில்லை, அதைத் திறமூலம் என்று அழைக்காமல் இருந்தால் போதும். உரிமமே போடாமல் இணையத்தில் ஏற்றினால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் தவறு. உரிமம் இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது.

இதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு ஜேக்கப்சன் வழக்கைக் காட்டுவேன். பெர்க்லி இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன் பொழுதுபோக்காக, பொம்மை ரயில்களை இயக்கும் திறமூல மென்பொருளை எழுதி வந்தார். நிபந்தனைகளை மதிக்காமல் அதன் கோப்புகளை ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், திறமூல உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகவே கருதப்படலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுக்கப் பதிப்புரிமை அவரிடம் இருந்தது. நம் மாணவியின் நிரலை யாராவது அப்படி எடுத்திருந்தால் வழக்கில் வாதி என்று யார் பெயரை எழுதுவது? கோண அடைப்புக்குறியையா?

ஆறு வாரம் மின்னஞ்சல் எழுதினோம். முதுகலை மாணவர்களில் இருவர் அன்றே ஒப்புதல் அனுப்பினார்கள், ஒருவர் தன் திருமணப் பத்திரிகையையும் சேர்த்து. மூன்றாமவரின் முகவரி செத்துப்போயிருந்தது. அவர் எழுதியது தரவுக் கோப்பைப் படிக்கும் ஒரு சிறு பகுதிதான். அந்தப் பழைய நிரலைப் பார்த்தே இராத ஒரு புதிய மாணவரிடம் வேலையை மட்டும் விளக்கி, புதிதாக எழுதவைத்தோம். பயிற்சி மாணவரின் பல்கலைக்கழகம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தது. அதிக நேரம் பிடித்தது கூட்டாளி நிறுவனம்தான். ஒப்பந்தத்தில் முடிவுகளைப் 'பகிர்ந்துகொள்வது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. சொத்தைப் பகிர்வதா, தகவலைப் பகிர்வதா என்று அதை எழுதியவர்களுக்கே தெரியவில்லை.

இனி வரும் கமிட்களில், இது என்னுடையது, கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் ஒப்ப வரியை (Signed-off-by) எழுதியவர் பெயரோடு சேர்க்கச் சொன்னேன். லினக்ஸ்காரர்கள் 2004இலிருந்து செய்துவருவது இது, பெரிய காகித வேலை எதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது ரூட். பழைய மாணவர்கள் எல்லோரும் கைவிரித்தார்கள். கமிட் நேரங்களைப் பார்த்தால் எல்லாமே இரவு இரண்டு மணிக்கு மேல். கடைசியில் பேராசிரியரே தயங்கித் தயங்கி ஒத்துக்கொண்டார், சர்வரில் நேராகத் திருத்தாதீர்கள் என்று மாணவர்களைத் திட்டிக்கொண்டிருந்த அதே பேராசிரியர்.