எட்டாம் எண் கூண்டு, ஒன்பதாம் எண் கூண்டு, அப்புறம் ஃபார்வர்டு புயல்

ஐப்பசி பிறந்தால் போதும், என் ஃபோனுக்கு ஓய்வில்லை. "சார், புயல் நம்மூருக்குத்தானாமே?" கடலூர் கடலோரக் குப்பங்களில் பேரிடர் காலத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், "குரூப்ல வந்துச்சு சார்" என்பார்கள். யார் போட்டது, எந்தத் தேதியில் போட்டது என்று கேட்டால் பதில் இருக்காது.

போன சீசனில் 2020 நிவர் புயலின் படம் ஒன்று புத்தம்புதுசாகச் சுற்றியது. அதை நம்பி ஒரு குப்பத்தில் ஃபைபர் படகுகளின் இன்ஜினைக் கழற்றி, டிராக்டர் வாடகைக்குப் பிடித்துப் படகுகளை மேட்டுக்கு இழுத்துவிட்டார்கள். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. டிராக்டர் வாடகை போனால் போகட்டும். கொஞ்ச நாளில் நிஜமான எச்சரிக்கை வந்தபோது பாதிப்பேர் அசையவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இருக்கிற வதந்திகளிலேயே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றுவது, துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக்காக ஏற்றும் கூண்டுகளின் எண் கணக்குதான். "எட்டிலிருந்து ஒன்பது ஆக்கிட்டாங்க, புயல் பலமாயிடுச்சு!" ஐயா, இல்லை. எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே ஒரே அளவு 'பெரிய அபாயம்'தான். துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருந்தால் எட்டு, வலப்பக்கம் இருந்தால் ஒன்பது, புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் பத்து. ஐந்து, ஆறு, ஏழும் இதே கணக்குதான், அபாயம் ஒரு படி குறைவு. நம் கரைக்குப் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது. புயலோடு சேர்ந்து மேற்கே பார்த்து நில்லுங்கள், இடது கை தெற்கு, வலது கை வடக்கு. கடலூரில் எட்டு ஏற்றினால் புயல் நமக்கு வடக்கே மரக்காணம் பக்கம் போகிறது என்று வையுங்கள். ஒன்பது என்றால் தெற்கே நாகை பக்கம். எட்டு ஒன்பதானால் பாதை தெற்கே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அலட்சியமாக இருக்கவும் முடியாது. வலப்பக்கம் இருக்கும் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும், கடல் நீர் அதிகமாக ஏறும். பதினொன்று பத்தைவிடப் பயங்கரம் என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். பதினொன்று என்றால் புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, வானிலைக் கணிப்பை வரைபடமாகக் காட்டும் விண்டி ஆப் படம். பத்து நாளுக்கு அப்பால் கடலூர் மேல் ஒரு சிவப்புச் சுழல் தெரியும், உடனே ஸ்க்ரீன்ஷாட். அது ஒரே ஒரு மாடல், அதாவது வானிலையைக் கணிக்கும் கம்ப்யூட்டர் நிரல், ஒரே ஒரு முறை ஓடியதில் வந்த கணக்கு. ஐரோப்பிய மாடல் ஒன்று சொல்லும், அமெரிக்க மாடல் வேறு சொல்லும், அடுத்த ஓட்டத்தில் இரண்டுமே மாறும். 2024 ஃபெஞ்சல் புயலையே பாருங்கள். புயலாக வலுப்பெறாது என்ற கணிப்பு இருந்தது, அடுத்த நாள் புயலானது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது, கடந்தும் அங்கேயே மணிக்கணக்கில் நின்று புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

சரி, யாரைத்தான் நம்புவது? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை மண்டல மையம் தமிழிலேயே அறிக்கை வெளியிடுகிறது. புயல் உருவானபின் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புது அறிக்கை வரும். அதன் தலையில் உள்ள தேதியையும் நேரத்தையும் முதலில் படியுங்கள். அலை உயரத்துக்கும், காற்றே இல்லாமல் ஏறி வரும் கள்ளக்கடலுக்கும் ஹைதராபாத்தில் உள்ள, கடல் தகவல் தரும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். ஃபோனில் மாநில அரசின் டிஎன்-அலர்ட், மத்திய அரசின் சசேத் என்ற இரண்டு எச்சரிக்கை ஆப்களையும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1077. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை, 1554.

வானிலை ஆர்வலர்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. நல்லவர்கள் இருக்கிறார்கள், நானே படிக்கிறேன். துறை அறிக்கை மாவட்ட அளவில் சொல்வதை இவர்கள் ஊர் அளவில் விளக்குவார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது இதுதான்: பதிவில் நேரம் போடுகிறாரா, எந்த மாடலைப் பார்த்துச் சொல்கிறார் என்கிறாரா, கணிப்பு தப்பினால் மறுநாள் வந்து தப்பியது என்று எழுதுகிறாரா. மூன்றாவதைச் செய்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். "கடலூரே மூழ்கப் போகிறது" என்று சிவப்பு எழுத்தில் படம் போட்டு, கீழே சப்ஸ்கிரைப் செய்யச் சொல்பவரை இப்போதே நீக்குங்கள்.

இன்னொன்று. புயலை மட்டும் பார்க்கிறவர்கள் ஆற்றை மறந்துவிடுகிறார்கள். ஃபெஞ்சல் கரை கடந்ததும் முடிந்தது என்று படுத்தவர்களைத் தென்பெண்ணை எழுப்பியது. டிசம்பர் 2 அன்று அந்த ஆற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள், கடலூர் ஓரம் வீடுகளுக்குள் தண்ணீர். மழை நின்றபின் இரண்டு நாளாவது அணைத் திறப்புச் செய்தியைப் பாருங்கள்.

மீனவப் பஞ்சாயத்தாருக்கு ஒரு வேண்டுகோள். புதுச்சேரி நல்லவாடு உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பக்கத்து ஊர்களில் தகவல் மையம் நடத்தி, அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்லி வந்தது. 2004 சுனாமி அன்று சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஃபோனில் எச்சரித்ததும், அதே ஒலிபெருக்கியில் சொல்லி ஜனங்களை வெளியேற்றினார்கள். உங்கள் ஊரிலும் அறிக்கை படிக்க ஒரு ஆளை, பெண்ணானாலும் சரி, இப்போதே நியமியுங்கள். அவர் சொன்னால் மட்டும் மைக்கில் வரட்டும். கோயில் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு பேட்டரியும் வாங்கி வையுங்கள், புயலுக்கு முன்பே கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள்.