உவரித் துருவும் அம்பைத் துருவும்

வள்ளியூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு பழைய சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. இரண்டும் ஒரே வார்ப்பு: 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், கறுப்புப் பெயின்ட், பின்னால் கனத்த கேரியர். ஒன்று உவரிக் கடற்கரையிலிருந்து மீன்பெட்டி சுமந்து ஊர் ஊராகப் போனது. மற்றது அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் கார், பிசானம் என இரண்டு போகத்துக்கும் வயல் வரப்பில் உருண்டது. ஏறக்குறைய ஒரே வயதுடைய இரும்பு. ஆனால் உவரிச் சைக்கிளின் கேரியர் அப்பளம்போலப் பொரிந்து, தொட்ட இடத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. அம்பைச் சைக்கிளோ காபிக்கொட்டை நிறத்தில், உள்ளங்கையால் தடவினால் வழுவழுப்பாக இருந்தது. தொடை உரசும் பார்கம்பியில் மட்டும் பெயின்ட் தேய்ந்து, அந்தப் பழுப்பு மெழுகு பூசியதுபோல மின்னியது.

இந்த இரண்டாவது அழகுக்குத்தான் ‘பாட்டினா’ என்று பெயர். செம்பிலும் வெண்கலத்திலும் காலம் படியவைக்கும் பச்சைப் பூச்சுக்குச் சொன்ன சொல் இன்று பழைய இரும்பின் பழுப்புக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 1933இல் பலூன் டயர் போட்ட கனத்த சைக்கிள்களைக் கொண்டுவந்தது. குரூசர் என்று பின்னர் பெயர் பெற்ற அந்த வகையில் பழைய வண்டிகளைத் தேடி எடுத்து, துருவை மறைக்காமல் அப்படியே நிறுத்தி, அகன்ற ஹேண்டில்பாரும் தடித்த டயரும் மாட்டி ஓட்டுவது அங்கே ஒரு தனிக் கலை. நம் ஊர்க் கனத்த சைக்கிளிலும் அதைச் செய்யலாம். ஆனால் துருவை நிறுத்த வேண்டுமானால் அது எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

துரு என்பது இரும்பு வெறுமனே காற்றோடு சேர்வது அல்ல. தண்ணீர் இல்லாமல் அது நடப்பதில்லை. இரும்பின் மேல் ஒரு துளி நீர் நின்றால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உருவாகிவிடுகிறது. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களைக் கைவிட்டு நீரில் கரைகிறது. இன்னோரிடத்தில், காற்றிலிருந்து வந்து நீரில் கலந்திருக்கும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற ஆய்வாளர் 1920களில் இதை ஒற்றை உப்புநீர்த் துளியில் காட்டினார். வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீர் வைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். துளியின் விளிம்புக்குக் காற்று எளிதாகக் கிடைக்கிறது, நடுவுக்குக் கிடைப்பதில்லை. காற்றுக் கிடைக்காத நடுப்பகுதியில்தான் இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பும் விளிம்பில் பிறக்கும் காரமும் இடைவழியில் சந்திக்க, அங்கே ஆரஞ்சு வளையம் ஒன்று தோன்றுகிறது.

அரிப்பு ஓரிடம், துரு தெரிவது வேறிடம். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. மட்கார்டு கிளிப்பின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால், கோடு இருக்கும் இடம் நன்றாக இருக்கலாம். கிளிப்புக்கு அடியில், காற்றுப் புகாத இடுக்கில், இரும்பு இற்றுக்கொண்டிருக்கும். கொப்பளித்த பெயின்டுக்கும் சீட் கம்பி நுழையும் குழாய்க்கும் இதே கதைதான்.

செம்பும் அலுமினியமும் தங்கள் ஆக்சைடையே கவசமாகப் போர்த்திக்கொள்கின்றன. இரும்பால் ஏன் முடிவதில்லை? துருவின் பருமன், அதற்கு இரையான இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும். அத்தனை பெரியது அந்தச் சிறிய இடத்தில் அடங்காது. விரிந்து, வெடித்து, செதிலாகப் பெயர்ந்து, அடுத்த அடுக்கு இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கிறது. செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் சேர்த்த தனிவகை எஃகில் அடர்த்தியான துரு படிந்து அரிப்பைத் தணிக்கும். கட்டடங்களிலும் பாலங்களிலும் அதைப் பெயின்ட் இல்லாமலே நிறுத்துகிறார்கள். கடற்கரையில் அதுவும் தோற்றுப்போகும். சைக்கிள் குழாயோ சாதாரண எஃகு. அதன் பழுப்பு கண்ணுக்கு அழகு, கவசம் அல்ல. கவசத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

இனி உவரிக்கு வருவோம். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் சுத்தமான இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து துரு வேகமெடுக்கிறது. உப்புப் பட்ட இரும்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. சோற்றுப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல்நீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். மீன்பெட்டியிலிருந்து உப்பும் பனிக்கட்டி நீரும் சொட்டிய அந்தக் கேரியர், சித்திரை வெயிலில் நின்றபோதுகூட முழுதாகக் காய்ந்திருக்காது.

அதோடு நிற்பதில்லை. குளோரைடு துருவைத் துளைத்துக்கொண்டு அடியில் போய், இரும்பை ஒட்டிக் குடியேறுகிறது. அங்கே கரையும் இரும்போடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது, அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்கிறது. மேலே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். அகழாய்வில் எடுத்த இரும்புப் பொருட்கள் சில, அருங்காட்சியகப் பெட்டிக்குள்ளேயே பழுப்பு நிறத்தில் வியர்ப்பதும் இந்தக் குளோரைடால்தான். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியபோது தாழிகளோடு வாள், ஈட்டிமுனை, மண்வெட்டி என்று இரும்புக் கருவிகள் கிடைத்தன. இரும்பை மண்ணிலிருந்து எடுத்த நாளிலிருந்துதான் அதைக் காப்பாற்றும் வேலை தொடங்குகிறது.

அம்பைச் சைக்கிள் நனையவில்லையா என்றால், நன்றாகவே நனைந்தது. ஆனால் ஆற்று நீரிலும் மழையிலும் நனைந்து, வெயிலில் முழுதாகக் காய்ந்தது. புதுத் துருவின் ஆரஞ்சு நிறம் லெபிடோகுரோசைட் என்ற கனிமத்தால் வருவது. நாள்பட நாள்பட அதில் பெரும்பகுதி, கோதைட் என்ற நிலையான பழுப்புக் கனிமமாக மாறுகிறது. அடியில், காற்றுக் குறைந்த இடத்தில், கறுப்பு மேக்னடைட் படிகிறது. நல்ல பாட்டினாவின் ஆழம் இந்த மூன்று நிறங்களின் அடுக்கிலிருந்து வருகிறது. ஒரே நாளில் வரவழைத்த துருவில் அந்த ஆழம் இருப்பதில்லை.

இந்த நிறங்கள் நம் சீமைக்குப் புதியவை அல்ல. திசையன்விளைப் பக்கத்துத் தேரிமணலின் சிவப்பு, ஒவ்வொரு மணல் துகளின் மேலும் படிந்த ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நிறம். கோயில் மதிலில் வெள்ளையோடு மாற்றி மாற்றி அடிக்கும் காவியும் இரும்பு ஆக்சைடுதான். கேட்டுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க முதலில் பூசுகிறோமே ரெட் ஆக்சைடு, அதன் சிவப்பும் அதுவே. இனிமேல் மாறுவதற்கு ஒன்றுமில்லாமல் அடங்கிவிட்ட இரும்பு அது.

வேலையைத் தொடங்கும் முன் சைக்கிளின் சட்டம், அதாவது ஃபிரேம், ஓட்டுவதற்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். சைக்கிள் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஒரு நாணயத்தால் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல குழாய் ‘ணங்’ என்று பேசும், இற்றுப்போன இடம் மந்தமாக ஒலிக்கும். பெடல் அச்சு இருக்கும் குழியில் சீட் குழாய் வழியாக இறங்கிய நீர் தேங்கும், ஆகவே அரிப்பு அங்கே உள்ளிருந்து வெளியே வரும். பின்சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கீழ்க்குழாய்களும் ஃபோர்க்கின் தலையும் அடுத்தபடி சந்தேகத்துக்கு உரியவை. சைக்கிள் கடை அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரின் முனையை உவரிச் சட்டத்தின் கீழ்க்குழாயில் வைத்து லேசாக அழுத்தினார். முனை உள்ளே போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கருவியை வெளியே இழுத்து, ஒட்டியிருந்த ஈரப் பொடியை என் கையில் தட்டினார்.

செயின், ஸ்போக்ஸ், பிரேக் கம்பி, ரிம்மின் உட்புறம் ஆகியவற்றில் துருவை அழகு என்று விட்டுவைப்பது ஆபத்து. கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்விளிம்பில்தான் அழுந்துகிறது. அந்த இடம் சுத்தமாக இருந்தாக வேண்டும். குரோம் பூசிய பாகங்களில் துரு புள்ளி புள்ளியாக வருவதற்குக் காரணம், பூச்சில் இருக்கும் நுண்துளைகள். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் புள்ளிகள் போய்விடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, ஆகையால் கீறல் விழாது.

வினிகர், உப்பு, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றையும் கலந்து தெளித்து ஒரு மணி நேரத்தில் துரு வரவழைக்கும் முறை ஒன்று பரவலாக இருக்கிறது. வினிகர் இரும்பின் மேல்தோலைக் கரைக்கிறது, பெராக்சைடு ஆக்சிஜனைக் கொடுக்கிறது, உப்பு மின்னோட்டத்துக்கு வழிவிடுகிறது. வேதியியல் சரிதான். ஆனாலும் நான் இதற்கு எதிரானவன். உப்பைத் தெளிப்பது உவரியின் நோயை அம்பைக்கு ஏற்றிவைப்பது. அந்தக் கலவையை மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கலாம். அருகில் பிளீச்சிங் பவுடர் இருந்து வினிகரோடு கலந்துவிட்டால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

நான் செய்தது இவ்வளவே. அம்பைச் சட்டத்தைச் சோப்புநீரில் கழுவி, உதிர்கிற துருவை மட்டும் தேங்காய்நாரால் தேய்த்து எடுத்தேன். உப்புத்தாள் தொடவில்லை. கடைசி அலசலுக்குச் சேமித்த மழைநீர்தான். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்நீர், அதில் அலசினால் உப்பை நாமே பூசியது போலாகும். பிறகு ஒருநாள் முழுக்க வெயில்.

அடுத்தது கடுக்காய். இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் கறை கறுத்துப்போவதில் டானின் என்ற துவர்ப்புப் பொருளுக்கும் இரும்புக்கும் உள்ள உறவுக்குப் பங்கு உண்டு. கடுக்காயில் அந்தத் துவர்ப்பு நிறைய இருக்கிறது. கலம்காரித் துணியின் கறுப்பும் இப்படித்தான் பிறக்கிறது. கடுக்காய் ஏற்றிய துணியில், இரும்பும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த நீரைத் தொட்டு வரைவார்கள். கடைகளில் விற்கும் துரு மாற்றிப் பூச்சுகள் பலவற்றில் இருப்பதும் டானின்தான். நான் ஒரு கைப்பிடி கடுக்காயை இடித்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்த மஞ்சள் நீரைத் தூரிகையில் தொட்டுச் சட்டத்தின் அடிப்பகுதியில் இழுத்தேன். ஆரஞ்சாக இருந்த துரு கண்ணெதிரே நீலம் பாய்ந்து, நாவல்பழ நிறமாகி, காய்ந்தபோது கறுத்தது. கரையாத இரும்பு டானேட் அது, துருவைப்போல நீரை எளிதில் உள்ளே விடாது. ஆனால் பழுப்பையும் விழுங்கிவிடும். ஆகவே சேறு தெறிக்கும் கீழ்ப்பகுதிகளுக்கு மட்டும் கடுக்காய், மேலே பழுப்பு அப்படியே.

இறுதிப் பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். தேங்காய் எண்ணெய் ஏன் ஆகாது? எண்ணெய் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் இருந்தால்தான் காற்றின் ஆக்சிஜன் அவற்றைப் பற்றி ஒன்றோடொன்று பின்னி, கெட்டியான தோலாக்கும். இரட்டைப் பிணைப்பின் அளவைக் காட்டும் அயோடின் எண் ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல், தேங்காய் எண்ணெய்க்குப் பத்தை ஒட்டி. தேங்காய் எண்ணெய் என்றும் எண்ணெயாகவே இருந்து, பணகுடிக் காற்றில் பறக்கும் புழுதியை எல்லாம் சேர்த்துக்கொள்ளும். புதுத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் தடவிக் காய்ச்சிக் காய்ச்சிப் பழக்குகிறோமே, அங்கே அடுப்பின் சூடு செய்யும் அதே பின்னல் வேலையை ஆளிவிதை எண்ணெய் சூடில்லாமல் செய்கிறது.

டர்பன்டைன் கலந்து நீர்க்கவைத்து, துணியால் மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். கனமாகப் பூசினால் மேல்தோல் காய்ந்து அடியில் பிசுபிசுக்கும். நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காய்வது வெப்பத்தை வெளிவிடும் வினை. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானே தீப்பற்றும். துணியை விரித்து வெளியில் உலரப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

சக்கரத்தை 26 அங்குலமாக்கிப் பலூன் டயர் போடும் ஆசையைக் கைவிட்டேன். ரிம் 38 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும், கம்பி பிரேக் கட்டைகள் வெறும் காற்றைத்தான் பிடிக்கும். உயர்ந்து அகன்ற ஹேண்டில்பார் மட்டும் மாறியது. உவரிச் சட்டம் பழைய இரும்புக்குப் போனது, அதன் செயின்கவரையும் முன் மட்கார்டையும் கழற்றி வைத்துக்கொண்டேன். பள்ளம் பள்ளமாக அரித்த அந்த மட்கார்டின் முரட்டுச் சிவப்பு எனக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க மழைநீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, கடுக்காயும் எண்ணெயும் ஏற்றி, அம்பைச் சட்டத்தில் மாட்டினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது சட்டத்தில் மாற்றம் எதுவும் இல்லை. மட்கார்டின் ரிவெட்டை ஒட்டி மட்டும் கடுகளவில் ஒரு பழுப்பு முத்து கசிந்து நின்றது. விரல்நுனியால் துடைத்தேன், மறுநாள் அதே இடத்தில் மீண்டும் இருந்தது.