384 பேர் எதற்கு?

"சேர், டேட்டா எடுத்து முடிஞ்சுது. என்ன டெஸ்ட் போடுறதெண்டு மட்டும் சொல்லுங்கோ."

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு முதுமாணி மாணவர்களுக்குப் புள்ளிவிவர ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் எனக்கு இந்த வாட்ஸ்அப் செய்தி வராத மாதம் இல்லை. கூடவே ஓர் எக்செல் கோப்பு வரும். திறந்தால் 384 வரிசைகள். கல்வியியலா, 384. முகாமைத்துவமா, 384. தாதியியலா, அதற்கும் 384. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தோட்டப்புற ஒப்பாரிப் பாடல்களை ஆய்வு செய்யப்போகும் ஒரு பிள்ளை, "384 பேருக்கு வினாக்கொத்து குடுத்தாப் போதுமா சேர்?" என்று கேட்டபோது, இனி இதை எழுதாமல் விட முடியாது என்று தோன்றியது.

முதலில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1970 இல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். குடித்தொகை, அதாவது ஆய்வு யாரைப் பற்றியதோ அந்த மொத்த ஆட்கள், 100 என்றால் அதிலிருந்து எடுக்கும் மாதிரி 80, ஆயிரம் என்றால் 278, பத்தாயிரம் என்றால் 370, பத்து இலட்சம் என்றால் 384. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு சின்னக் கணக்கு. 1.96 (95 சதவீத நம்பிக்கைக்கு உரிய எண்) இன் வர்க்கத்தை 0.5 ஆலும் மறுபடி 0.5 ஆலும் பெருக்கி, 0.05 இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும். அவ்வளவுதான். நீங்கள் அறிய விரும்புவது ஒரு சதவீதம், அதில் ஐந்து புள்ளி கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை, குடித்தொகையில் உள்ள எல்லாருடைய பெயர்ப்பட்டியலும் கையில் இருக்கிறது, அதிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தீர்கள். இத்தனையும் சரியாக இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

நம்மவர்கள் செய்வது என்ன? தெரிந்த அதிபர்மார் உள்ள நாலு பாடசாலைகளுக்குப் போகிறார்கள். பத்து வகுப்பில் உள்ள பிள்ளைகளை மொத்தமாக இருத்தி வினாக்கொத்தை நிரப்புவிக்கிறார்கள். அப்புறம் "எழுமாற்று மாதிரி" என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதுகிறார்கள். குலுக்கல் எங்கே நடந்தது? அதோடு, ஆய்வு கற்பித்தல் முறையைப் பற்றியது என்றால், அந்தப் பத்து வகுப்புக்கும் பத்து ஆசிரியர்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பது ஒரே ஆசிரியரைத்தான். ஆகவே உங்களிடம் உள்ள மாதிரி 384 அல்ல, பத்துக்குக் கிட்டவாக ஏதோ ஒன்று. மென்பொருளுக்கு இது தெரியாது. அது 384 என்றே எடுத்துக்கொண்டு, பி பெறுமதியில் (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு அது) மூன்று பூச்சியம் போட்டுக் கொடுக்கும். நீங்களும் மகிழ்ந்து போவீர்கள்.

எனக்கு எரிச்சல் தருவது கணக்குப் பிழைகூட அல்ல. ஆராய்ச்சி என்றாலே வினாக்கொத்து, "முற்றாக உடன்படவில்லை" என்ற 1 முதல் "முற்றாக உடன்படுகிறேன்" என்ற 5 வரையான ஐந்து புள்ளி அளவுத்திட்டம், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருள், ஐந்து அத்தியாயம் என்ற எண்ணம்தான். கேள்வி என்ன என்று கேட்டால் தலைப்பைச் சொல்கிறார்கள். தலைப்பு கேள்வி ஆகாது.

கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை, தரம் 7 பிள்ளைகளுக்கு ஏன் பின்னம் ஓடுதில்லை என்று அறிய ஆசைப்பட்டார். நல்ல கேள்வி. ஆனால் கொண்டுவந்தது நாற்பது கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து. "எனது ஆசிரியர் விளங்கும்படி கற்பிக்கிறார்" என்பது அதில் ஒன்று. கொடுத்தவர் அதே ஆசிரியர்! பிள்ளைகள் வேறென்ன எழுதும்? ஒரு தாளில் மேலிருந்து கீழ்வரை எல்லாமே 3. இன்னொன்றில் 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1 என்று அழகாக வளைந்து போயிருந்தது. எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்து 3.4 என்று எழுதியிருந்தார். எதன் 3.4?

அவருடைய பையில் திருத்துவதற்காக எடுத்து வந்த பயிற்சிக் கொப்பிகள் இருந்தன. ஒன்றை வாங்கிப் பார்த்தேன். 1/2 + 1/3 = 2/5. அடுத்த கணக்கு 1/4 + 2/3, விடை 3/7. மேலே உள்ளதோடு மேலே உள்ளதை, கீழே உள்ளதோடு கீழே உள்ளதைக் கூட்டுகிறது அந்தப் பிள்ளை. பிழையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வேறு கொப்பிகளிலும் அதேதான். "இதுதான் மிஸ் உங்கட தரவு" என்றேன். வகைவகையாகப் பிழைகளைப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு "எப்பிடிச் செய்தனி, சொல்லு பாப்பம்" என்று கேட்டுப் பதிவு செய்தால் அருமையான ஆய்வு. அவரும் ஒத்துக்கொண்டார். மேற்பார்வையாளர்தான் ஒத்துக்கொள்ளவில்லை, "மாதிரி காணாது" என்றாராம். (மேற்பார்வையாளர்மாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். எழுதினால் பாதி வாடிக்கை போய்விடும்.)

மாதிரி காணாதா? உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியைப் பற்றி 1885 இல் வெளியிட்ட ஆய்வில் பங்குபற்றியவர் ஒரே ஒருவர், அவரேதான். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வது, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று குறித்துவைப்பது. எட்மண்ட் லீச் என்ற மானிடவியலாளர் 1954 இல் நம் வடமத்திய மாகாணத்தின் புல் எலிய என்ற ஒற்றைக் கிராமத்தில் தங்கி, எந்த வயல் யாருக்கு, குளத்துத் தண்ணீர் எப்படிப் பங்கு, யார் யாருக்கு உறவு என்று காணித்துண்டு காணித்துண்டாகப் பார்த்தார். அந்த ஒரு கிராமத்தை வைத்து எழுதிய நூல் 1961 இல் வந்தது. உறவுமுறையையும் காணியையும் பற்றிப் பேசுகிறவர்களால் இன்றும் அதைத் தவிர்க்க முடியாது.

மறுபக்கம், எண்ணிக்கை வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. சின்ன வகுப்பில் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்குமா என்று அறிய அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 இல் தொடங்கிய பரிசோதனையில், ஆயிரக்கணக்கான பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் போட்டு, 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளுக்கும் 22 முதல் 25 பேர் கொண்டவற்றுக்கும் பிரித்தார்கள். நம் நாட்டின் சிங்கராஜ வனத்தில் 25 ஹெக்டயரில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள கன்றுவரை ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளமிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அளக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணதிலக்க தம்பதியர் முன்னின்று தொடக்கிய வேலை அது. மரத்திடம் "முற்றாக உடன்படுகிறேன்" என்று கேட்க முடியாது அல்லவா? இங்கே கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் (காணிப் பதிவேடுகள்) இருக்கின்றன. அவற்றை வாசிக்கிற வரலாற்று மாணவருக்கு மாதிரியும் வேண்டாம், நானும் வேண்டாம்.

விஞ்ஞான மாணவர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். கொழும்பின் பேர வாவியில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, அதையே மூன்று தடவை சோதித்துவிட்டு "மாதிரி 3" என்று வருகிறவர்கள் நீங்கள்தான். மூன்று தடவை அளந்ததால் உங்கள் கருவி எவ்வளவு துல்லியம் என்று தெரியும். வாவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்தத் தவறுக்குச் சூழலியலாளர் ஹெர்ல்பேர்ட் 1984 இலேயே பெயர் வைத்துப் பெரிய கட்டுரை எழுதிவிட்டார். இன்னும் ஓயவில்லை.

சரி, என்ன செய்வது? தரவு எடுப்பதற்கு முன்னால் வாருங்கள், என்னிடமோ வேறு யாரிடமோ. பரிசோதனை முடிந்தபின் புள்ளிவிவரக்காரரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி என்று புள்ளிவிவரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1938 இலேயே சொன்னார். வரும்போது கேள்வியை ஒரே வசனத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள், கேள்விக்குறியோடு. முடிவு அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணைகளை வெறுமையாகக் கீறிப் பாருங்கள். எந்தப் பெட்டிக்குள் என்ன விழும் என்று சொல்ல முடியாவிட்டால் வினாக்கொத்தை அச்சடிக்காதீர்கள். பத்துப் பேரிடம் முதலில் கொடுத்து, பக்கத்தில் இருந்து அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனியுங்கள். கூற்றுகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரொன்பாக் அல்பா 0.7 ஐத் தாண்டிவிட்டது என்று துள்ள வேண்டாம். ஒரே கூற்றை நாலு விதமாகத் திருப்பிக் கேட்டாலும் அது தாண்டும்.

நெறிமுறை அனுமதி பின்திகதியிட்டுக் கிடைக்காது. நெறிமுறைக் குழுவிடம் போய்க் கெஞ்சினாலும் கிடைக்காது. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, "ஆசிரியர் அடிப்பார்" என்ற கூற்றுக்குப் போட்ட விடை, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்களே, அது யார் கையில் போகும் என்று யோசித்தீர்களா? தயவுசெய்து பெயரை நீக்கிவிட்டு அனுப்புங்கள். இதை மட்டும் மன்றாட்டமாகவே கேட்கிறேன்.

காசு கொடுத்து வினாக்கொத்து நிரப்புவிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். எங்களுக்குத் தெரியும். மனிதர்கள் ஒழுங்கில்லாமல் விடையளிப்பார்கள், சிலதை விட்டுவிடுவார்கள், வயது என்ற இடத்தில் பிறந்த ஆண்டை எழுதுவார்கள். ஓர் இடமும் வெறுமையாக இல்லாத 384 வரிசைகளைப் பார்த்ததும் நான் கோப்பை மூடிவிடுவேன்.

ஏற்கெனவே நேர்மையாக எடுத்து முடித்தவர்கள் பயப்பட வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, எந்தப் பாடசாலை என்ற நிரல் மூலத்தாள்களில் இருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள். பெயர் இல்லாமல் குறியீட்டு எண் போதும். அது இருந்தால் வகுப்பு வாரியாகப் பகுத்துப் பார்க்க வழியுண்டு. "எழுமாற்று" என்ற சொல்லை வெட்டிவிட்டு, எப்படித் தெரிவு செய்தீர்களோ அப்படியே எழுதுங்கள். மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும் என்று எழுதாமல், இந்த நாலு பாடசாலைகளில் இப்படி இருந்தது என்று எழுதுங்கள். வாய்மொழிப் பரீட்சையில் அதைக் காத்து நிற்கலாம். ஒப்பாரிப் பாடல் பிள்ளை வினாக்கொத்தை விட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறார். முதலில் இரண்டு பாட்டிமாரிடம் போகப் போகிறாராம். போகட்டும்.