தீ வைத்தது யார்?

2019-20 கோடையில் ஆஸ்திரேலியக் காடுகள் எரிந்துகொண்டிருந்தபோதே சண்டை தொடங்கிவிட்டது. காலநிலை மாற்றம்தான் காரணம் என்றது ஒரு தரப்பு. இல்லை, விஷமிகள் தீ வைக்கிறார்கள் என்றது இன்னொன்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தீ தொடர்பான குற்றங்களுக்காக 183 பேர் மீது போலீஸ் நடவடிக்கை எடுத்திருந்தது. அந்தச் செய்தி "183 பேர் காட்டைக் கொளுத்தினார்கள்" என்று திரிந்து உலகம் சுற்றியது. வேண்டுமென்றே காட்டுக்குத் தீ வைத்ததாக வழக்குப் பதிவானது 24 பேர் மீதுதான். மற்றவர்களில் பலர் தீ மூட்டத் தடை இருந்த நாளில் மூட்டியவர்கள், அணைக்காத சிகரெட்டை வீசியவர்கள். அந்தக் கோடையின் ராட்சதத் தீயான கோஸ்பர்ஸ் மவுண்டன் தீயோ, மின்னலில் பிடித்து 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றது.

சரி, பொறி எங்கிருந்து வந்தாலும் வரட்டும். ஒரே மாதிரிப் பொறி சில நாள் தானாக அணைகிறது, சில நாள் மலையையே எரிக்கிறது. ஏன்?

சருகின் ஈரத்தில் இருக்கிறது விடை. சருகு செத்த பொருள்; வேரிலிருந்து அதற்குத் தண்ணீர் வராது. சுற்றியுள்ள காற்றோடுதான் அதற்குக் கொடுக்கல் வாங்கல். சருகில் ஈரம் இருந்தால், தீயின் வெப்பத்தில் ஒரு பங்கு முதலில் அதை ஆவியாக்கவே செலவாகும். ஈரம் இல்லையென்றால் அத்தனை வெப்பமும் அடுத்த சருகைப் பற்றவைக்கப் போகும்.

இங்கேதான் வெப்பநிலை வருகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். 30 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதத்தோடு, அதாவது தாங்கக்கூடிய நீராவியில் 40 சதவீதத்தோடு இருக்கும் காற்றை, நீராவி ஏதும் சேர்க்காமல் 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 23 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தாகம் எடுத்த காற்று சருகை உறிஞ்சும். ஆஸ்திரேலியாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமான, மிக வறண்ட ஆண்டு 2019. டிசம்பர் 18 அன்று நாடு முழுவதற்குமான சராசரி உச்ச வெப்பநிலையே 41.9 டிகிரி!

அப்புறம் யூகலிப்டஸ். இலையில் எண்ணெய், உடம்பில் நாடா நாடாக உரியும் பட்டை. எரியும் பட்டை காற்றில் பல கிலோமீட்டர் பறந்து போய்ப் புதுத் தீ மூட்டும். தீயணைப்பு வீரர்கள் வெட்டி வைத்த இடைவெளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

காலநிலை மாற்றம் காரணமில்லை என்னும் எதிர்த்தரப்பு சொல்வதெல்லாம் பொய்யல்ல. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகி, கிழக்குப் பகுதி குளிர்ந்து, ஆஸ்திரேலியாவுக்கு வர வேண்டிய மழையைக் குறைத்தது. அது இயற்கையான ஊசலாட்டம்தான். ஆனால் ஊஞ்சலைக் கட்டிய கிளையே, அதாவது அடிப்படை வெப்பநிலையே, உயர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் சிக்கல். குளிர்காலத்திலேயே சருகை எரித்துக் குறைப்பதும் நல்ல வழிதான். மிதமான நாட்களில் பலன் தரும். உச்சகட்ட வறட்சியும் பெருங்காற்றும் சேர்ந்த நாளில் அதன் பலன் மிகக் குறைவு.

இதையெல்லாம் முன்பே சொன்னவர்கள் உண்டு. 2019 ஏப்ரலிலேயே கிரெக் மல்லின்ஸ் உட்பட முன்னாள் தீயணைப்பு, அவசரச் சேவைத் தலைவர்கள் 23 பேர் எச்சரித்து, பிரதமரைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். கோடை வந்தது, அந்தச் சந்திப்பு நடக்கவில்லை. பிறகு தீயில் பாதிக்கப்பட்டவர்களே அமைப்பாகத் திரண்டு நீதிமன்றம் போனார்கள். காலநிலை மாற்றத்திலிருந்து சுற்றுச்சூழலைக் காக்கக் கொள்கை வகுப்பது நியூ சவுத் வேல்ஸ் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்தின் கடமை என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.