லீற்றர் கணக்கும் கச்சான் காற்றும்: மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு

"அண்ணை, இது லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?"

கராஜ் வாசலில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. வாங்கப் போகிறவரும் கேட்கிறார், வாங்கி ஆறு மாதமானவரும் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். 2022இல் பெற்றோல் செட் வாசலில் விடிய விடிய வரிசையில் நின்ற ஊர் இந்தத் திருகோணமலை. அந்த ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அதே 4 லீற்றரில் ஒருவர் வெள்ளிக்கிழமை வரை வேலைக்குப் போய் வந்தார். இன்னொருவர் புதன்கிழமையே வண்டியை விறாந்தையில் ஏற்றிவிட்டு சைக்கிளை எடுத்தார். இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே 150 சீசீ வண்டி. இரண்டையும் சேர்விஸ் செய்தது நான்.

அதனால் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் இலக்கம் சொல்வதில்லை. எங்கே போவீர்கள், பின்னுக்கு யார் இருப்பார், என்ன வேகத்தில் போவீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். விளம்பரத் தாளில் இருக்கும் இலக்கம் ஒரு ஆள், சீரான வேகம், புது வண்டி என்று எடுத்தது. நிலாவெளியில் இருந்து காலை ஏழு மணிக்குப் பிள்ளையை முன்னுக்கும் மனைவியைப் பின்னுக்கும் வைத்து, பாடசாலை வாசலில் நிறுத்தி, ஆஸ்பத்திரிச் சந்தியில் ஊர்ந்து, துறைமுகத்து வேலைக்குப் போகிறவருக்கு அந்த இலக்கத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

உப்புவெளியில் இருந்து மூதூருக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர் ஒருவர் என்னிடம் வருவார். கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முன்பு கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்து போனவர். இப்போது தினமும் மோட்டார் சைக்கிளில்தான். போன வருடம் ஒரு நாள் வந்து, "தம்பி, இதை வித்துப்போட்டு வேற எடுக்கப் போறன். சரியா எண்ணெய் குடிக்குது" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். கொப்பி எழுதுகிற மனுசன், கணக்கு வைத்திருந்தார்: லீற்றருக்கு 31.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, பின் சில்லைக் கையால் சுற்றிவிட்டேன். அரைச் சுற்றுச் சுற்றி, 'கிறீச்' என்று சொல்லி நின்றது. நல்ல வண்டியில் அது நாலைந்து சுற்றாவது போக வேண்டும். பிரேக் சூவைத் தள்ளும் கேம் கடற்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. காலை எடுத்த பிறகும் சூ ட்ரம்மை விட்டு முழுதாக விலகவில்லை. செயினும் வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது. கேமைக் கழற்றி உரைஞ்சி, கிறீஸ் பூசி, செயினுக்கு 25 மில்லிமீற்றர் அளவு தொய்வு விட்டு, எயார் ஃபில்டரை மாற்றி, ரயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் கொப்பியோடு வந்தார்: 42. வண்டியை விற்கவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேறு வண்டி எடுக்க நினைத்து என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு வேறு வண்டி தேவையே இல்லை. முதலில் இருக்கிற வண்டியை அளந்து பாருங்கள். பெற்றோல் ராங்கியை முட்ட நிரப்பி, மீற்றரைக் குறித்து, ஒரு வாரம் வழமையாக ஓடி, அதே செட்டில் அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை நிரப்பிய லீற்றரால் வகுத்தால் உங்கள் இலக்கம். ஒரு தடவை போதாது, மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

சரி, அளந்தும் பார்த்தாயிற்று, வண்டி மாற்றத்தான் வேண்டும் என்றால் இன்னொரு கணக்கையும் போடுங்கள். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். லீற்றருக்கு 25 ஓடும் வண்டி 40 லீற்றர் குடிக்கும்; 35 ஓடுவது 28.6 லீற்றர். வித்தியாசம் 11.4 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் மாதம் 3,400 ரூபாவுக்கு மேல். ஆனால் 50 ஓடும் வண்டிக்கும் 60 ஓடும் வண்டிக்கும் நடுவில் இருப்பது வெறும் 3.3 லீற்றர், ஆயிரம் ரூபா. இரண்டு இடத்திலும் பத்துத்தான் கூடுகிறது. சட்டைப் பைக்கு இரண்டும் ஒன்றல்ல. மேல் மட்டத்து இலக்கத்துக்காக அந்தரப்பட்டு, இருக்கை வசதியையும் பிரேக்கையும் விட்டுக்கொடுக்கிறவர்கள் இந்த ஆயிரம் ரூபாவுக்காகத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள்.

நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் அப்படித்தான் 100 சீசீ எடுத்தார். வீட்டுக்கும் வேலைக்கும் அது தங்கமான வண்டி, 60க்கு மேல் ஓடியது. கல்யாணம் முடிந்து ஏப்ரல் விடுமுறைக்கு மனைவியையும் ஒரு பெரிய பையையும் ஏற்றிக்கொண்டு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும் போனார். சமதரையில் 75இல் விடாமல் முறுக்கியிருக்கிறார். ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே மணிக்கணக்காக எஞ்சின் அலறியிருக்கிறது. திரும்பி வந்தபோது சைலன்சரில் நீலப் புகை. பிஸ்டன் ரிங் முடிந்துவிட்டது, ஒயில் அளவுக்கோலின் நுனியில்தான் ஒட்டியிருந்தது. அந்தப் பயணத்தில் அவருக்கு லீற்றருக்கு 40 கூடக் கிடைக்கவில்லை. அதே பாரத்தோடு அதே பாதையில் 150 அல்லது 160 சீசீ வண்டி அந்த அளவு பெற்றோலைத்தான் குடித்திருக்கும், எஞ்சினும் தப்பியிருக்கும்.

சின்ன எஞ்சின் குறைவாகக் குடிப்பது அதற்கு ஏற்ற வேலை கொடுக்கும் வரைக்கும்தான். நெடும்பயணமும் தினப் பயணமும் ஒரே வண்டியில் என்றால் என் தெரிவு 150, 160 சீசீ. மேல் கியரில் 60இல் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றை ஒட்டி அமைதியாக ஓட வேண்டும். பெற்றோல் செலவில் பெரிய பங்கு அங்கேதான் தீர்மானமாகிறது.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் நம்மவர்கள் நடுத்தர வண்டி என்றால் 500, 700 சீசீயைச் சொல்வார்கள். அங்கே அது சரி. 2012இல் வந்த ஹொண்டா என்சி700 எக்ஸ் 670 சீசீ இரட்டைச் சிலிண்டர் வண்டி. ஆனாலும் எஞ்சினைக் குறைந்த சுற்றிலேயே இழுவை தரும்படி கட்டியிருந்தார்கள், சுற்று 6500ஐத் தாண்ட விடமாட்டார்கள். பெற்றோல் ராங்கி இருக்கைக்குக் கீழே, ராங்கி இருக்க வேண்டிய இடத்தில் ஹெல்மெட் வைக்கும் பெட்டி. வேலைக்கும் போய், விடுமுறைக்குத் தூரமும் போகிறவரை மனதில் வைத்து வரைந்தது. பாடம் இங்கேயும் அதுதான்: உச்ச வேகத்தையும் குதிரைவலுவையும் பார்க்காமல், குறைந்த சுற்றில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். வீதியில் நாலாம் கியரில் 35இல் போய்க்கொண்டே மெதுவாக முறுக்குங்கள். உதறாமல் எடுத்தால் நல்ல எஞ்சின்.

நம்மூரில் இந்த அளவில் அதிகம் ஓடுபவை பஜாஜ் பல்சர் 150, யமஹா எஃப்ஸீ, ரீவிஎஸ் அப்பாச்சி 160, ஹொண்டா ஹோர்னெற் 160. நான்கையும் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். ஒழுங்காகப் பராமரித்தால் நான்கும் 38 முதல் 48 வரைக்குள் நிற்கும். இதற்குள் எது கூட, எது குறைய என்று சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை, ஓட்டுகிற கைதான் அந்தப் பத்தைத் தீர்மானிக்கிறது. பல்சருக்கு 15 லீற்றர் ராங்கி, தூரப் பயணத்துக்குப் பெரிய உதவி. வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தப் பாதையில் செட்டுகள் நெருக்கமாக இருக்காது. எஃப்ஸீயின் இரண்டாம் பதிப்பிலிருந்து ஃபியூவல் இன்ஜெக்ஷன். மலைநாட்டு ஏற்றத்திலும் குளிரிலும் அதன் கணக்கு அதிகம் தடுமாறாது. ஆனால் இன்ஜெக்ஷன் வண்டியை எப்போதும் ரிசேர்வில் ஓட்டாதீர்கள். பெற்றோல் பம்ப் ராங்கிக்குள் பெற்றோலில் மூழ்கி இருந்துதான் குளிர்கிறது. வரிசைக் காலத்தில் காலி ராங்கியோடு ஓடி எரிந்த பம்ப் எத்தனையோ மாற்றினேன்.

இனிக் காற்று. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில், "இந்த மாசம் வண்டி எண்ணெய் குடிக்குது" என்று வருவார்கள். வண்டியில் ஒரு பிழையும் இருக்காது. தம்பலகாமத்து வயல்வெளியில் கந்தளாய்ப் பக்கம் போனால் கச்சான் நேரே நெஞ்சில் அடிக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது: 60ஐ 80 ஆக்கினால் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. நீங்கள் 60இல் போக, எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால், வண்டிக்கு அது 80இல் போன மாதிரி. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். ஆகவே கந்தளாய்க்குப் போன ஒரு வழிக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்காதீர்கள். கச்சான் நாளில் எதிர்க்காற்றில் 50, 55க்கு இறங்குங்கள். அதைவிடப் பெரிய மிச்சத்தை எந்த விலையுயர்ந்த ஒயிலும் தராது.

ஒயில் என்றதும் ஒன்று. தடித்த ஒயில் ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பல்சருக்குத் தடித்த 20டபிள்யூ50 சொல்லியிருக்கிறார்கள், ஹொண்டாவுக்கு மெல்லிய 10டபிள்யூ30. ஹொண்டாவுக்குத் தடித்ததை ஊற்றினால் எஞ்சின் அந்த ஒயிலைக் கடைவதற்கே பெற்றோலைச் செலவழிக்கும். கையேட்டில் போட்டிருப்பதை ஊற்றுங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் விட என்னால் முடியாது. ஹபரணைப் பாதையிலும் ஹொரவப்பொத்தானைப் பாதையிலும் இருட்டியபிறகு யானை வீதியைக் கடக்கும். கறுத்த வீதியில் கறுத்த உடம்பு. மாடுகளோ நம்மூர் வீதியிலேயே படுத்திருக்கும். மாரி மழையில் நனைந்த வீதியில் முன் பிரேக்கைப் பயந்து இறுக்கினால் சில்லுப் பூட்டி வண்டி சரியும். சில்லுப் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் விலை வித்தியாசம் இருந்தால் அந்தக் காசைக் கொடுங்கள். இரண்டு பேர் போகும் வண்டிக்கு அது ஆடம்பரம் கிடையாது. அப்புறம், ஏ1 அனுமதிப்பத்திரம் 100 சீசீ வரைக்கும்தான். 150ஐ எடுக்குமுன் ஏ வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதிப் பணம் கேட்டுப் போகும்போதுதான் அதன் பாரம் தெரியும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் தனியாருக்கு மறுபடி திறந்தது. இடையில் இங்கேயே பூட்டிய வண்டிகள் கொஞ்சம் வந்தாலும், பெரும்பாலானோர் பார்ப்பது பாவித்த வண்டியைத்தான். திருகோணமலையில் பாவித்த வண்டி வாங்குகிறவர் மீற்றரை நம்பாமல் உப்பைத் தேட வேண்டும். இருக்கையைக் கழற்றி பற்றறிக்குக் கீழே சட்டத்தைப் பாருங்கள். மீன் பெட்டி கட்டி ஓடிய வண்டியில் ஐஸ் தண்ணீர் வடிந்து பின் சில்லைத் தாங்கும் கையிலும் அதன் வெல்டிங் ஓரத்திலும் துரு செதில் செதிலாக எழும்பியிருக்கும். மேலே புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளக்கும். விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், கழன்று வரும். ராங்கி மூடியைத் திறந்து ரோர்ச் அடித்து அடியைப் பாருங்கள். செம்மண் நிறம் தெரிந்தால் அந்தத் துரு நாளைக்கு காபரேற்றருக்குள் அல்லது பம்புக்குள் இருக்கும். எஞ்சின் இலக்கத்தையும் சட்டத்தில் பொறித்த சசி இலக்கத்தையும் வாகனப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பெயர் மாற்றாத வண்டியாக இருந்தால் புத்தகத்தில் உள்ள ஆளைச் சந்திக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பின்னுக்கு இருக்கப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் போதாது. சீனக்குடா வரைக்குமாவது போய், இறங்கி, அவருக்கு முதுகும் முழங்காலும் எப்படி என்று கேளுங்கள். திரும்பி வந்ததும் முன் ஃபோர்க்கின் வெள்ளிக் குழாயை ஒரு வெள்ளைத் துணியால் சுற்றித் துடையுங்கள். துணியில் ஒயில் கோடு விழுந்தால் சீல் போயிருக்கிறது. குழாயில் ஊசி குத்தினது போலத் துருப் புள்ளி இருந்தால் புதுச் சீலும் சில மாதங்களில் கிழியும். அப்போது குழாயின் விலையையும் கூலியையும் கழித்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.