அசத்து என்றால் ‘இல்லாதது’ என்று யார் சொன்னது?

துக்க வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் “எல்லாம் மாயைதானம்மா, இதற்கு எதற்கு அழுகிறாய்” என்று சொல்வதைத் தயவுசெய்து விடுங்கள். அதைச் சைவ சித்தாந்தம் என்ற பெயரில் சொல்வதையாவது விடுங்கள். சென்ற மாதம் எங்கள் சித்தாந்த வகுப்புக்கு வருகிறவர்களில் ஒருவர், “உடம்பே பொய் என்றால் இன்சுலின் மட்டும் மெய்யா” என்று கேட்டு ஊசியை நிறுத்திவிட்டார். சில நாளிலேயே மருத்துவமனையில் சேர்க்கவேண்டியதாயிற்று. “சாத்திரத்தில் அப்படித்தானே இருக்கிறது” என்று வீட்டார் கேட்கிறார்கள். இல்லை. சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல்களான பதினான்கு மெய்கண்ட சாத்திரங்களில் எந்த நூலிலும் அப்படி ஒரு கொள்கை கிடையாது.

குழப்பம் முழுக்க ஒரு சொல்லில் இருக்கிறது: அசத்து. சத்து என்றால் இருப்பது, ஆகவே அசத்து என்றால் இல்லாதது என்று அகராதியைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிறார்கள். சித்தாந்தத்தில் இல்லாததற்குப் பெயர் இல்பொருள். முயற்கொம்பு, ஆகாயத் தாமரை எல்லாம் அந்தக் கணக்கு. அசத்து அந்த வரிசையில் வராது. அது மாறுகிற பொருள். ஒரு நிலையில் நில்லாமல் தோன்றி, நின்று, ஒடுங்குவது. நிலையாமை வேறு, இன்மை வேறு. பால் தயிரானால் பால் மாறிற்று என்கிறோம். பால் என்று ஒன்று இருந்ததே இல்லை என்று யாரும் சொல்வதில்லையே.

அவற்றுள் தலையாய நூல் மெய்கண்டாரின் சிவஞான போதம். அதன் முதல் சூத்திரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். “அவன் அவள் அது எனும் அவை” என்று, விரல் நீட்டிச் சுட்டிக் காட்டக்கூடிய உலகத்தில் தொடங்குகிறது. இந்த உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது, ஆகவே இதைத் தொழிற்படுத்தும் ஒருவன் உண்டு என்பது மெய்கண்டாரின் வாதம். உலகம் பொய் என்றால் அந்த ஏதுவே, அதாவது முடிவுக்கு ஆதாரமான காரணமே, போயிற்று. ஏது போனால் கடவுள் உண்டு என்ற முடிவும் கூடவே போகும். ‘எல்லாம் பொய்’ என்கிறவர்கள், தாங்கள் தொழும் இறைவனுக்கான முதல் சான்றைத் தாங்களே உடைக்கிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வகுப்பில் அதே கேள்வி வருகிறது.

குடம் செய்ய மூன்று காரணம் வேண்டும். மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், இறைவனின் சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். ஆக, இந்தக் கணக்கில் மாயை இருக்கும் இடம் மண் இருக்கும் இடம். குடம் உடையலாம், ஓடாகலாம், ஓடு பொடியாகலாம்; மண் எங்கே போயிற்று? இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்கிற சற்காரியவாதம் இதுதான். மாயை சடம், அதாவது அறிவற்றது; ஆனால் என்றும் உள்ள பொருள். சுத்த மாயையில் 5, அசுத்த மாயையில் 7, பிரகிருதியில் 24 என்று, உடம்பும் உலகும் அமைகிற 36 கூறுகளும் (தத்துவங்கள்) அதிலிருந்து விரிகின்றன. உங்கள் கண்ணும் மனமும் அந்தக் கணக்குக்குள் வருகிறவை.

அந்த மாயை எதற்கு? அந்தப் பதினான்கில் ஒன்றான திருவருட்பயனில் உமாபதி சிவம் ஒரே அடியில் சொல்லிவிடுகிறார்: “விடிவாம் அளவும் விளக்கனைய மாயை”. ஆணவம் என்ற, அறிவை மறைக்கும் இருட்டில் கிடக்கிற உயிருக்கு, விடியும்வரை கையில் கிடைத்த விளக்கு உடம்பு. விடிவதற்கு முன்னால் விளக்கை ஊதி அணைப்பது ஞானம் ஆகுமா? இன்சுலினை நிறுத்துவது அந்த வேலைதான்.

“சரி, சித்தாந்தம் விடுங்கள், அத்வைதத்தில் உலகம் பொய்தானே” என்பது அடுத்து வரும் கேள்வி. சங்கரரும் அப்படிச் சொல்லவில்லை. வெளியுலகமே இல்லை, எல்லாம் அறிவின் தோற்றம் என்ற கட்சியை அவர் பிரம்ம சூத்திர பாடியத்தில், அதாவது உரையில் (2.2.28) எடுத்து மறுக்கிறார். அடுத்த சூத்திர உரையிலேயே, விழிப்பில் காண்பது கனவில் காண்பது போன்றதன்று என்கிறார். உலகை அவர் சத்து என்றும் சொல்லவில்லை, முயற்கொம்பு என்றும் சொல்லவில்லை. சொல்லி வரையறுக்க முடியாதது என்கிறார். அதில் சித்தாந்திகளுக்கு உடன்பாடில்லை. அந்தச் சண்டை பல நூற்றாண்டுச் சண்டை, நல்ல சண்டை. ஆனால் மருந்தை நிறுத்த இரண்டு பக்கத்திலும் இடமில்லை.

இனி ‘நான் இருக்கிறேனா’ என்ற கேள்வி. இதற்குச் சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரம் நான்கே வரியில் ஏழு ஏது தருகிறது. “உளது இலது என்றலின்” என்பது முதல் ஏது. இது நானில்லை, அது நானில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால், தள்ளுகிற ஒருவன் மிஞ்சுகிறான். “எனது உடல் என்றலின்” என்பது இரண்டாவது. எனது வீடு என்பது போல எனது உடல் என்கிறோம். இலக்கணத்தில் இது பிறிதின் கிழமை. உடையவன் வேறு, உடைமை வேறு. ‘எனது உயிர் என்றும் சொல்கிறோமே, அப்படியானால் நான் உயிருக்கும் வேறா’ என்று யாராவது மடக்குவார்கள். இராகுவினது தலை என்பது போல அது தற்கிழமை, உடையவனும் உடைமையும் ஒன்றே; இராகுவே தலைதான். தூங்கும்போது மூச்சு ஓடுகிறது, ஆனால் உண்பதும் செய்வதும் இல்லை, ஆகவே உயிர் வேறு மூச்சு வேறு என்பது ஐந்தாவது. மற்றவற்றை உரையோடு படித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டை இழுத்து வந்து, ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்று 1637இல் அவர் சொன்னதை நாம் பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டோம் என்று மகிழ்வதும் வேண்டாம். சிந்திப்பதே உயிரின் இயல்பு, அதற்கு உடம்பின் துணை தேவையில்லை என்பது அவர் கட்சி. “உணர்த்த உணர்தலின்” என்பது நம் சூத்திரம். ஒருவர் அறிவித்தால்தான் உயிர் அறியும். இரண்டும் வேறு.

அதிகம் வெட்டி ஒட்டப்படும் வரி போதத்தின் ஏழாம் சூத்திரத்தில் இருக்கிறது. “யாவையும் சூனியம்” என்ற இரண்டு சொல்லைப் படத்தில் போட்டு அனுப்புகிறார்கள். முழு வரி “யாவையும் சூனியம் சத்து எதிர் ஆகலின்”. சத்தாகிய சிவத்தின் முன்னால் அசத்து விளங்கித் தோன்றாது என்பது பொருள். நண்பகலில் திண்ணையில் எரிகிற விளக்கின் ஒளி தெரியவில்லை என்றால் விளக்கே இல்லையா? கையை வைத்துப் பாருங்கள், சுடும்.

இதைப் படிக்க வருகிறவர்கள் போதத்தில் தொடங்காதீர்கள். முதலில் உண்மை விளக்கம், பிறகு நூறு குறளே உள்ள திருவருட்பயன், பிறகு அருணந்தி சிவத்தின் சிவஞான சித்தியாரில் நம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம். அதற்குப் பிறகு போதம், அதுவும் உரையோடு. பிற மதங்களை எடுத்து மறுக்கும் சித்தியார் பரபக்கத்தைத் தனியாக எடுத்துப் பாட்டுப் பாட்டாகப் பரப்பவே வேண்டாம். அதில் ஒவ்வொரு கட்சிக்காரனின் மதத்தையும் முதலில் அவன் குரலிலேயே சொல்லிவிட்டு, பிறகுதான் மறுதலை வரும். கண்ணுக்குத் தெரிகிற உலகைத் தவிர வேறில்லை என்கிற உலகாயதன் மதத்தில் உள்ள பாட்டை எடுத்து ‘அருணந்தி சிவம் சொல்கிறார்’ என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் மறுத்த கட்சியை அவர் தலையிலேயே கட்டுகிறீர்கள்.

யாராவது ‘இல்லை’ என்றால் உடனே தலையாட்டாமல் மூன்று கேளுங்கள்: எது இல்லை, எந்த நிலையில் இல்லை, யாருக்கு இல்லை. பாதிப் பேச்சு அங்கேயே தெளிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சுற்றியிருப்பதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் தெரிகிறது, என் கை என் கை போலவே இல்லை, நான் இருக்கிறேனா என்றே பயமாக இருக்கிறது என்று வீட்டில் ஒரு பிள்ளை சொன்னால், அதை ஞானம் கைகூடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடும் பதற்றத்திலும், தூக்கம் கெட்டாலும், கஞ்சா பழகினாலும் இப்படி வரும். மனநல மருத்துவம் நன்றாக அறிந்த நிலை இது. கூடுதலாகத் தியானம் செய்யச் சொல்லாதீர்கள், சிலருக்கு அதனால் மோசமாகும். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். சூத்திரம் பிறகு படித்துக்கொள்ளலாம்.

துக்க வீட்டுக்குப் போனால் தத்துவம் பேசவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கஞ்சி வைத்துக் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள், போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். எதையோ கேட்டு மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தியிருக்கிறவர்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் இன்றைக்கே உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு, எத்தனை நாள் விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.